அந்த விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்



இரண்டு மாதமாக ஒரே கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. "சார், ரியல் எஸ்டேட் டிரெயினிங் ஒண்ணு சொல்றாங்க, ஃபீஸ் கட்டிச் சேரலாமா?" இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் என் மாணவர்கள். ஒருவன் என் தங்கை மகன். இன்னொருவர் சம்பந்தி வீட்டுப் பிள்ளை. அவரிடம் கறாராகப் பேசவும் முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் போனில் பேசித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து நழுவிப் போனவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முழுவதும் படிக்கவும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். பணம் கட்டாதீர்கள். படிவத்தில் கையெழுத்தே போடாதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன். கணக்கு வாத்தியார் விடையை மட்டும் சொன்னால் போதாது, வழியையும் எழுதிக் காட்ட வேண்டும் அல்லவா.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் ஏதாவது ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை "இலவச அறிமுகக் கூட்டம்" நடக்கும். டிபன் உண்டு. கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி, ஒரு காலத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசில்லாமல் தள்ளிக்கொண்டு போன கதையைச் சொல்வார். பிறகு கார் சாவியைத் தூக்கிக் காட்டுவார். "மாதம் ஒரு மனை விற்றால் போதும்" என்பார். கடைசியில், மூன்று நாள் பயிற்சிக்குக் கட்டணம் 49,999 ரூபாய், இன்றைக்கே விண்ணப்பித்தால் 24,999 ரூபாய், அதுவும் 60 பேருக்கு மட்டும்தான் என்று அறிவிப்பார்கள். வரி 18% தனி. கூட்டினால் 29,499 ரூபாய். கையில் இல்லாவிட்டால் அங்கேயே மேஜை போட்டு மாதத் தவணைக் கடனுக்கும் ஆள் உட்கார்ந்திருப்பார். பான் கார்டும் ஆதாரும் இருந்தால் டிபன் சாப்பிட்ட கை காய்வதற்குள் நீங்கள் கடன்காரர்.

என் தங்கை மகன் அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். நல்லவேளையாக நிரப்பவில்லை. நான்கு பக்கம். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் படிவம், பாஸ்போர்ட் படிவம், மாற்றுச் சான்றிதழ் என்று எத்தனையோ படிவங்களைப் பிள்ளைகளுக்காக நிரப்பிக் கொடுத்தவன் நான். படிவம் என்பது கேட்கிறவனுடைய மனசைக் காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்கு எது தேவையோ அதற்குத்தான் கட்டம் போட்டிருப்பான். சிவப்பு மை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் பெயர், வயது, முகவரி. சரி. படிப்பு என்ன என்பதற்கு ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே "உங்கள் கனவு என்ன?" என்பதற்கு ஆறு வரி. பயிற்சிக்கு வருகிறவனுக்கு வில்லங்கச் சான்றிதழ் என்றால் என்ன என்று தெரியுமா, கிரயப் பத்திரத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்று ஒரு கேள்வி இல்லை. கனவுக்கு மட்டும் ஆறு வரி.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரு அட்டவணை. தலைப்பு: "நிலம் வாங்கும் வசதி உள்ள உங்கள் உறவினர், நண்பர்கள் 25 பேர்." பெயர், செல் நம்பர், என்ன வேலை, சொந்த வீடு உண்டா, வெளிநாட்டில் பிள்ளைகள் உண்டா, ஓய்வு பெற்றவரா. கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்வு பெற்றவரா என்று ஏன் கேட்கிறான்? கிராஜுவிட்டி, பி.எஃப். பணம் வங்கியில் படுத்திருக்கும், அதற்காக. அவன் நிரப்பியிருந்தால் முதல் வரியில் என் பெயர்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் பக்கத்தில் "நேர்காணலில் தேர்வு பெற்றால் மட்டுமே அனுமதி" என்று இருக்கிறது. யாராவது தோற்றதாகக் கேள்விப்பட்டீர்களா என்று அவனைக் கேட்டேன். "இல்ல மாமா, எல்லாரையும் செலக்ட் பண்ணிட்டாங்க" என்றான். எல்லோரும் பாஸ் ஆகிற பரீட்சைக்குப் பெயர் பரீட்சை கிடையாது, வசூல்.

நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் நிபந்தனைகள். கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. பயிற்சி முடித்தவர் நிறுவனத்தின் ஊழியர் ஆகமாட்டார். அவருடைய செயல்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பயிற்சி முடித்தவர் முதல் ஆறு மாதம் நிறுவனம் காட்டும் மனைகளை மட்டுமே விற்க வேண்டும். இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நீ எங்கள் ஆள் இல்லை. நீ செய்வதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் எங்கள் சரக்கை மட்டும்தான் நீ விற்க வேண்டும், அந்த உரிமைக்கு நீதான் எங்களுக்குக் காசு தர வேண்டும்.

படிவத்தில் இல்லாதவற்றையும் எழுதிவைத்தேன். பாடத்திட்டம் இல்லை. பாடம் நடத்துகிறவர் பெயர் இல்லை. நிறுவனத்தின் ரெரா பதிவு எண் இல்லை. அவர்கள் விற்கச் சொல்லும் மனைப்பிரிவின் ரெரா எண்ணும் இல்லை. நூற்றுக்கு எத்தனை மார்க் போட்டேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

60 பேர், ஆளுக்கு 24,999 என்றால் ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய். மூன்று நாளில். நிலத் தரகில் இதே 15 லட்சத்தைச் சம்பாதிக்க என்ன செய்ய வேண்டும்? நம் பக்கத்தில் தரகு 2% என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சம் ரூபாய் மனை ஒன்றுக்கு 30,000 ரூபாய். ஆக 50 மனை விற்க வேண்டும். 50 பேரை அழைத்துக்கொண்டு வெயிலில் அலைந்து, 50 பத்திரம் பதிவாகி, 50 முறை பேரம் பேசி. மனை விற்பது அவ்வளவு சுலபமான தொழில் என்று மேடையில் சொல்கிறவர், தானே அதைச் செய்யாமல் ஏன் பாடம் நடத்துகிறார் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அதோடு முடியவில்லை. 60 பேர், ஆளுக்கு 25 பெயர் என்றால் 1,500 செல் நம்பர். சும்மா நம்பர் இல்லை. யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் பிள்ளை துபாயில் இருக்கிறான் என்ற விவரத்தோடு, "உங்க மருமகன்தான் சார் உங்க நம்பரைக் குடுத்தாரு" என்ற சிபாரிசோடு 1,500 நம்பர். விளம்பரக் கம்பெனிக்குக் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு பட்டியல் கிடைக்காது. இங்கே பட்டியலைத் தருகிறவனே காசும் தருகிறான்.

பயிற்சி எடுத்தவன் பக்கம் வந்து பாருங்கள். அவன் விற்கிற 15 லட்சம் மனைக்கு வரும் 30,000 தரகில் பாதி நிறுவனத்துக்கு என்றால் அவன் கையில் 15,000. கட்டின 29,499-ஐத் திரும்ப எடுக்கவே இரண்டு மனை விற்றாக வேண்டும். தெரியாதவன் யாரும் புதுசாக வந்தவனை நம்பி 15 லட்சத்தை நீட்டமாட்டான். அப்புறம் யார் வாங்குவார்கள்? சித்தப்பா வாங்குவார். அத்தை வாங்குவாள். பத்தாம் வகுப்பு நடத்தின வாத்தியார் வாங்குவார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம். ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். 44 வயதில் வேலை போயிற்று. மனைவியின் வளையலை அடகு வைத்து இப்படி ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டினான். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவு. "அப்ரூவல் வந்துகிட்டே இருக்கு" என்று அவனிடம் சொன்னார்கள். அதையே அவன் சித்தப்பாவிடம் சொன்னான். அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பணத்தைக் கொடுத்துப் பத்திரம் செய்துகொண்டார். இன்றைக்கும் அப்ரூவல் வந்துகொண்டேதான் இருக்கிறது. சித்தப்பா அந்த நிறுவனத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்களை அவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிந்தது இவன் ஒருவனைத்தான். போன கார்த்திகையில் அவர் பேத்தியின் காதுகுத்துக்கு இவன் குடும்பத்துக்குப் பத்திரிகை வரவில்லை. வளையலை எப்படியாவது மீட்டுவிடலாம் சார், அந்தப் பத்திரிகையை எங்கே போய் மீட்பேன் என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான். நிறுவனத்தில் கேட்டால், உங்களிடம் பாசிட்டிவ் ஆட்டிட்யூட் இல்லை, அதனால்தான் மேலே வரமுடியவில்லை என்று அடுத்த கட்டப் பயிற்சிக்கு வரச் சொன்னார்களாம். அதற்குக் கட்டணம் தனி.

என் கோபம் முழுக்க இதன் மேல்தான். 29,499 ரூபாய் பெரிய தொகைதான், ஆனாலும் போனால் போகட்டும் என்று ஒரு நாள் மறந்துவிடலாம். "நம்ம பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை இருக்கிறதே, அது அவன் அப்பாவும் தாத்தாவும் நாற்பது ஐம்பது வருடம் நடந்துகொண்ட விதத்தில் சேர்ந்தது. அதை 25 வரி அட்டவணையில் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இது நம்மூர்க்காரன் கண்டுபிடித்த வித்தையும் கிடையாது. அமெரிக்காவில் டொனால்டு டிரம்ப் 2005-இல் 'டிரம்ப் யுனிவர்சிட்டி' என்று ஒன்றை ஆரம்பித்தார். நான் அரசியல் பேசவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். முதலில் இலவசக் கருத்தரங்கு. அடுத்து 1,495 டாலருக்கு மூன்று நாள் ரியல் எஸ்டேட் பயிற்சி. அங்கே வந்தவர்களுக்கு 'கோல்டு எலைட்' என்று ஏறத்தாழ 35,000 டாலர் திட்டம். கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்திக்கொள்ளச் சொன்னார்கள் என்று படித்தவர்கள் புகார் சொன்னார்கள். பல்கலைக்கழகம் என்று பெயர் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நியூயார்க் மாநிலக் கல்வித் துறை சொல்லி, 2010-இல் பெயரை மாற்றினார்கள். அதே வருடம் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரலும் வழக்குத் தொடுத்தார். 2016 நவம்பரில், தேர்தலில் ஜெயித்த சில நாட்களில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 25 மில்லியன் டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டார். இலவசக் கூட்டம், மூன்று நாள் பயிற்சி, மேலே மேலே கட்டணம், கையில் இல்லாவிட்டால் கடன். எல்லாம் அப்படியே நம் மண்டபத்துக்கு வந்திருக்கிறது. டிபன் மட்டும்தான் நாம் சேர்த்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை என்பது பேசிப் பார்த்ததில் தெரிந்தது.

2016-இல் வந்தது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம். ரெரா என்பது அதைத்தான். 2017 மே மாதம் முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 9-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர் தன் பெயரை ஆணையத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். முகவர் என்றால் யார்? போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மட்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்துவைப்பவரும் முகவர்தான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. "நான் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு மட்டும்தான் சார் பண்ணேன், கமிஷன் அவங்களா குடுத்தாங்க" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

10-ஆம் பிரிவு, பதிவாக வேண்டிய ஒரு திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதில் மனை விற்றுக்கொடுக்கவே கூடாது என்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்கிறவர், விளம்பரம் போடுவதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். இந்த 9, 10 பிரிவுகளை மீறும் முகவருக்கு 62-ஆம் பிரிவில் தண்டம்: நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5% வரைக்கும் போகலாம். 15 லட்சம் மனைக்கு 5% என்றால் 75,000 ரூபாய். எட்டாம் நாளே அந்த வரம்பைத் தொட்டுவிடும். உன் கைக்கு வந்தது 15,000. நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் "நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஏன் போட்டிருக்கிறான் என்று இப்போது புரிகிறதா? நிறுவனம் தன் பெயரில் பதிவு வைத்திருக்கலாம். சம்பளமும் நியமனக் கடிதமும் இல்லாமல் கமிஷனுக்கு ஓடுகிறவன், அந்தப் பதிவின் நிழலில் தானும் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கக் கூடாது.

"அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்" என்று மேடையில் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெரா சட்டம் கேட்பது ஆணையத்தில் பதிவு. மனை விற்கும் ஒரு தனியார் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழை அது எங்கேயும் கேட்கவில்லை. முகவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஓர் ஆணையம் உண்மையிலேயே நினைத்தால் எப்படிச் செய்யும் என்பதற்கு மகாராஷ்டிரா உதாரணம் இருக்கிறது. 2023-இல் மகாராஷ்டிர ரெரா, முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று உத்தரவிட்டது. தேர்வை நடத்துவது வங்கி வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அந்தத் தேர்வில் தோற்கலாம். தேர்வு நடத்துகிறவர், "உங்க சித்தப்பா நம்பர் குடுங்க" என்று கேட்கமாட்டார்.

"அப்படியானால் தொழிலே வேண்டாமா சார்?" என்று சம்பந்தி வீட்டுப் பிள்ளை கேட்டார். நான் தொழிலைக் குறை சொல்லவில்லை. நல்ல நிலத் தரகர் ஊருக்கு வேண்டும். எங்கள் பொழிச்சலூரிலேயே ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். கோட்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. யாராவது வீடு விற்க வேண்டும் என்று போனால் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "மூலப்பத்திரம் எங்க இருக்கு?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அண்ணன் தம்பி எத்தனை பேர், அக்கா தங்கச்சிங்க கையெழுத்துப் போடுவாங்களா?" இந்த இரண்டு கேள்வியில் பாதி வழக்குகள் வராமலே போய்விடும்.

எங்கள் ஊரில் நிலம் பேசுகிறவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று தெரிய வேண்டும். புது பெயின்ட் அடித்த சுவர் அதைச் சொல்லாது, எதிர்வீட்டுக்காரர் சொல்வார். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், எத்தனை மாடி கட்டலாம் என்பதில் விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாடு வரும் என்று தெரிய வேண்டும். ஒரு மனை அங்கீகாரம் பெற்ற மனையா இல்லையா, பெறாததென்றால் வரன்முறை செய்யப்பட்டதா என்று தெரிய வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். இந்தப் புறநகர் முழுக்கப் பத்திரப் பதிவு நின்று எத்தனை கல்யாணம் தள்ளிப்போயிற்று! அதன்பின் 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன, 20.10.2016 வரை விற்றுப் பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. அதற்குப் பின் தேதி போட்ட பத்திரத்தை வைத்துக்கொண்டு "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று சொல்கிறவனை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பட்டாவில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் இடத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மூன்று நாளில் இது வராது. ஒரு அனுபவசாலி பின்னால் ஒரு வருடம் நடந்தால் வரும். அதற்கு அவர் உங்களிடம் 29,499 கேட்கமாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் போதும், பெரும்பாலும் அவரே காசு கொடுத்துவிடுவார்.

படிக்க வேண்டியதும் இலவசமாகவே கிடக்கிறது. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு வேண்டாம். வழிகாட்டி மதிப்பு அங்கேயே இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவான திட்டங்களின் பட்டியலும் முகவர்களின் பட்டியலும் இருக்கின்றன. முதலில் உங்கள் சொந்த வீட்டுக்கு இவை அத்தனையையும் எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யச் சொல்லி என் தங்கை மகனை ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். அவன் வீட்டுப் பட்டாவில் தாத்தா பெயரே இன்னும் மாறாமல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. இப்போது பெயர் மாற்றத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான். பயிற்சி ஆரம்பமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

"முதலீடு போடாமல் எந்தத் தொழில் வரும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. முதலீடு என்றால் போட்ட பணத்துக்கு ஈடாக ஏதாவது உன் கையில் இருக்க வேண்டும். தையல் மிஷின் வாங்கினால் மிஷின் இருக்கும். ஆட்டோ வாங்கினால் வண்டி இருக்கும். ரெராவில் கட்டணம் கட்டிப் பதிந்தால் உன் பெயரில் ஒரு எண் இருக்கும். இங்கே உன் கையில் இருப்பது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ், ஒரு பை, ஒரு குரூப் போட்டோ. வேலை பழகுகிறவனுக்கு வேலை கொடுக்கிறவன் உதவித்தொகை தர வேண்டும் என்று 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் போட்ட நாடு இது. பழகுகிறவனே காசு கொடுத்து, சரக்கையும் விற்றுக் கொடுத்து, பழியையும் சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொருவன் குறும்பாக, "நீங்களும் ரிட்டயர்டு ஆனப்புறம் டியூஷன் எடுத்தீங்களே சார், ஃபீஸ் வாங்கலையா?" என்றான். வாங்கினேன். என்ன பாடம், எத்தனை மாதம் என்று முதல் நாளே சொல்லி வாங்கினேன். என்னிடம் படித்தவனுக்கு யாரோ ஒருவர் பரீட்சை வைத்தார், நான் வைக்கவில்லை. நீ படித்து முடித்ததும் உன் தெருவில் 25 பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வா என்று யாரிடமும் சொன்னதில்லை. எல்லாக் கட்டணப் பயிற்சியும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. பாடம் நடத்துகிறவனே உன்னை வைத்துத் தன் சரக்கை விற்கிறான் என்றால், அவனுக்கு நீ மாணவன் கிடையாது என்று சொல்கிறேன்.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் வேலை போனவனை எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் கழுத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கோட்டுப் போட்ட ஒருவன் "சார்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டால் மனசு இளகத்தான் செய்யும். அவர்கள் குறிவைப்பதும் அந்த மனசைத்தான். ஆகவே பணம் கட்டிவிட்டவர்களை யாரும் கேலி செய்ய வேண்டாம். முக்கியமாக மைத்துனர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு. ரசீதையும் படிவத்தின் நகலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். மேடையில் என்ன சொன்னார்கள் என்பதை மறப்பதற்கு முன் ஒரு தாளில் தேதி போட்டு எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வேலை நிச்சயம், வருமானம் நிச்சயம் என்று பொய்யாகப் பயிற்சிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது; கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தவணைக் கடன் எடுத்தவர்கள், பயிற்சிக்குப் போகாவிட்டாலும் கடன் நிற்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். செல்போன் வழியாக எடுத்த கடனில், அபராதமில்லாமல் விலகுவதற்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ஆரம்பத்தில் சிறிது அவகாசம் உண்டு. நேற்றோ இன்றோ எடுத்தவர்கள் கடன் ஒப்பந்தத்தை இப்போதே திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள்.

25 பேர் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்த 25 பேருக்கும் நீங்களே போன் செய்து, "என் பெயரைச் சொல்லி யாராவது மனை விற்க வந்தால் நம்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். காதுகுத்துப் பத்திரிகை வராமல் போவதைவிட இது பரவாயில்லை.

யாரிடமாவது இப்படி ஒரு படிவம் இருந்தால் சனி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம். சனிக்கிழமை என்றால் அகத்தீஸ்வரர் கோயிலுக்குச் சனி பகவானைப் பார்க்க வரும் கூட்டத்தில் தெருவில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, ஞாயிறு உத்தமம். அந்த நிறுவனத்தின் பெயர் என்ன என்று கீழே கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பெயர் மாறிக்கொண்டே இருக்கும், படிவம் மாறாது.